நம்ம கம்புக்குப் பூர்வீகம் எது?



டிப்ளமோ படிக்கிறவனுக்கு வரலாறு எதற்கு? அதிலும் ஆப்பிரிக்காவின் வரலாறு எதற்கு? மலருக்கு இந்தத் தலைப்பில் எழுதப் போகிறேன் என்றதும் நண்பர்கள் பலர் கேட்ட கேள்வி இது. கேட்டதில் தப்பில்லை. பத்தாம் வகுப்பு முடித்த கையோடு சமூக அறிவியல் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிட்டு வந்தவர்கள் நாம். அதற்கப்புறம் கணக்கு, டிராயிங், ஒர்க்‌ஷாப், ரெக்கார்டு நோட்டு என்றே பொழுது போகிறது. அரியர் இல்லாமல் வெளியே போனால் போதும், ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தால் போதும் என்பதுதான் வீட்டிலும் வேண்டுதல். இதில் ஆப்பிரிக்கா எங்கே வந்தது?

அது வந்து ரொம்ப நாளாச்சு நண்பர்களே! நம்ம வீட்டு அடுப்பில், நம்ம சோற்றுத் தட்டில் உட்கார்ந்திருக்கிறது. நாம்தான் அதைப் பார்க்காமல் இருக்கிறோம்.

எந்த ஊர்ப் பயிர்?

சேலம், நாமக்கல் பக்கத்து மானாவாரிக் காட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கம்பு, சோளம், ராகி மூன்றையும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆற்றுப் பாசனம் இல்லாத செம்மண் மேட்டில், ஒரு மழை இரண்டு மழையை நம்பி விதைத்து, நம் பாட்டன் பூட்டன் வயிற்றை நிரப்பியது இவைதான். நெல்லுச்சோறு என்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் என்று எங்கள் ஆயா இன்றைக்கும் சொல்லும். மற்ற நாளெல்லாம் கம்பஞ்சோறு, சோளச்சோறு, ராகிக் களி. ஆடி மாதம் மாரியம்மனுக்கு ஊற்றுகிற கூழும் இதே தானியம்தான். 'நம்ம ஊரு' என்று சொல்ல இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஆனால் இந்த மூன்றுக்கும் பூர்வீகம் ஆப்பிரிக்கா!

கம்பை முதன்முதலில் பயிராக்கியவர்கள் சகாராப் பாலைவனத்தின் தெற்கு ஓரத்து மக்கள். இன்றைய மாலி நாட்டில் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய கம்பு கிடைத்திருக்கிறது. சோளத்துக்குச் சொந்த ஊர் சூடான். அந்த நாட்டின் கிழக்குப் பகுதியில் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன்பே சோளத்தைப் பயிராக்கத் தொடங்கியதற்கான தடயம், பானை ஓடுகளில் பதிந்த பதர் அடையாளமாகக் கிடைத்திருக்கிறது. ராகி எத்தியோப்பியா முதல் உகாண்டா வரையுள்ள மேட்டுநிலத்துப் பயிர். கம்பும் சோளமும் சுமார் 3,500 முதல் 4,000 ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து இந்தியாவுக்கு வந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே இறங்கியிருக்கின்றன.

இன்னும் கேளுங்கள். வரப்போரம் போடுகிற தட்டைப்பயறு ஆப்பிரிக்கா. நம்ம பக்கத்துக் கொட்டமுத்து, அதாவது ஆமணக்கு, கிழக்கு ஆப்பிரிக்கா. ரசத்துக்குக் கரைக்கிற புளியும் அந்தக் கண்டத்து மரம்தான். 1820 வாக்கில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் ஏற்காட்டு மலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்தார். அந்தக் காப்பிச் செடிக்கும் ஆதி வீடு எத்தியோப்பியாக் காடு. எல்லாமே அங்கிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. கொல்லிமலையில் விளைகிற சாமை நம் நாட்டுச் சரக்கு, வரகும் அப்படியே. ஆனால் களியையும் கூழையும் எடுத்துவிட்டால் நம் தாத்தா காலத்துச் சமையலில் மிச்சம் என்ன இருக்கும்? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

புல்லை ராவித் தானியம் செய்தவர்கள்

பயிராக்குவது என்றால் என்ன? காட்டில் கிடக்கிற புல்லின் கதிர் பழுத்ததும் மணி தானாக உதிர்ந்துவிடும். உதிர்ந்தால்தான் புல்லுக்கு லாபம், அடுத்த மழைக்கு முளைக்கும். மனிதனுக்கு அது நஷ்டம், பொறுக்க முடியாது. ஆயிரத்தில் ஒரு செடி உதிராமல் கதிரிலேயே மணியை வைத்திருக்கும். அந்தக் காலத்து ஆப்பிரிக்க விவசாயிகள் அந்தக் கதிரை அறுத்து, அதையே விதைக்கு வைத்து, மறுபடி அதில் தேறியதை எடுத்து விதைத்தார்கள். இப்படியே நூற்றுக்கணக்கான தலைமுறை!

பிட்டிங் ஷாப்பில் ஒரு துண்டு இரும்பை ஒரு வாரம் ராவி, மட்டத்தில் வைத்துப் பார்த்து, வெளிச்சம் தெரிந்தால் மறுபடியும் ராவுகிறோம் அல்லவா? கை கொப்பளித்துப் போகிறது. அவர்கள் ஒரு புல்லை ஆயிரம் வருஷம் ராவியிருக்கிறார்கள். டிராயிங் கிடையாது, இன்ஸ்ட்ரக்டர் கிடையாது. அவர்கள் பெயர்கூட எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் அவர்கள் செய்த ஜாப் இன்றைக்கும் நம் காட்டில் முளைக்கிறது. என்னைக் கேட்டால் அவர்களும் என்ஜினியர்கள்தான்.

இதே களியைத் தூக்குப்போசியில் கொண்டுவந்ததற்காகக் கேலிக்கு ஆளானவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். "என்னடா, ஜெயில் சாப்பாடா?" என்பது எனக்குப் பழக்கமான வசனம். சரி, அதை விடுங்கள். 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும், பெரிய பெரிய ஓட்டல்களில் கம்பு தோசையும் ராகிக் கூழும் மெனு கார்டில் ஏறின. கேலி பண்ணின வாயே 'ஹெல்த்துக்கு நல்லது' என்றது. கம்பு மாறவில்லை நண்பர்களே! அதைச் சாப்பிடுகிறவன் யார் என்பதைப் பார்த்துத்தான் மரியாதை வந்தது. ஆப்பிரிக்கா கதையும் இதே கதைதான் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

மனிதனுக்கும் அதுவே பூர்வீகம்

தானியத்துக்கு மட்டுமா? நமக்கே பூர்வீகம் அதுதான். எத்தியோப்பியாவில் 1974-ல் கண்டெடுத்த 'லூசி' என்ற எலும்புக்கூட்டின் வயது சுமார் 32 லட்சம் ஆண்டு. கென்யாவில் கிடைத்த மிகப் பழைய கல் கருவிகளுக்கு வயது சுமார் 33 லட்சம் ஆண்டு. நம்மைப் போன்ற மனித இனத்தின் மிகப் பழைய எலும்புகள் மொராக்கோ நாட்டில் கிடைத்தவை, அவற்றுக்குச் சுமார் 3 லட்சம் வயது. இன்று ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழ்கிற மக்களின் முன்னோரில் பெரும்பகுதியினர் சுமார் 60, 70 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து நடையைக் கட்டியவர்கள். அந்தப் பழைய பயணத்தின் ஓர் அடையாளமாகிய எம்130 என்ற மரபுக்குறியை மதுரைப் பக்கத்து ஒரு கிராமத்தில் கண்டார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் அந்த ஆய்வில் பெரும்பங்கு வகித்தவர்.

இந்த வரலாற்றில் நம்ம ஏற்காட்டுக்கும் ஒரு இடம் உண்டு. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியல் துறை அதிகாரி 1863 மே 30-ஆம் தேதி சென்னைப் பல்லாவரத்தில் ஒரு கல் கோடாரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த முதல் சாட்சி அந்தக் கல்தான். அதே வருடம் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் இப்படிக் கருவிகள் கிடைத்தன. அங்கே சாந்தி பப்பு குழுவினர் அகழ்ந்து, 2011-ல் வெளியிட்ட முடிவின்படி அந்தக் கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு! இரண்டு பக்கமும் செதுக்கி முனை கூராக்கிய அந்தக் கைக்கோடாரியும், கிழக்கு ஆப்பிரிக்காவில் கிடைக்கிற கைக்கோடாரியும் ஒரே தொழில்நுட்பம். ஃபூட் கடைசிக் காலத்தில் ஏற்காட்டில்தான் குடியிருந்தார். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தார். அவருடைய அஸ்தி ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலய வளாகத்தில் வைக்கப்பட்டது. நாம் ஏற்காடு போனால் ஏரியில் படகு விட்டு, போட்டோ எடுத்துத் திரும்புகிறோம். அடுத்த முறை அந்தக் கல்லறையையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாமே!

கொண்டதும் கொடுத்ததும்

நாம் வாங்கிக்கொண்டது மட்டும்தானா? இல்லை. ஆப்பிரிக்காவில் மேய்கிற திமில் வைத்த மாடுகளின் வம்சம் நம் பக்கத்திலிருந்து போனது. எகிப்து நாட்டுச் செங்கடல் கரையில் குசேர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகம் உண்டு. அங்கே தோண்டியபோது 'கணன்', 'சாதன்' என்று தமிழ் பிராமி எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. அதே கரையில் பெரனிகே என்ற துறைமுகத்தில் ஒரு இந்தியச் சாடியில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. எகிப்தும் ஆப்பிரிக்காதானே? சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பு நம்மவர் ஒருவர் ஆப்பிரிக்க மண்ணில் தன் பானையில் பெயர் எழுதி வைத்திருக்கிறார், நாம் சாப்பாட்டுத் தட்டில் பெயர் வெட்டி வைக்கிற மாதிரி. அன்றைக்கு அவர்கள் நமக்கு அந்நியர் இல்லை, வியாபாரக் கூட்டாளிகள்.

"இதை யார் கட்டிக் கொடுத்தது?"

அப்படியானால் 'இருண்ட கண்டம்' என்ற பெயர் எப்படி வந்தது? இருட்டு அங்கே இல்லை, பார்த்தவர்கள் கண்ணில் இருந்தது. ஒரு உதாரணம் சொல்கிறேன்.

தெற்கு ஆப்பிரிக்கப் பகுதியில் கிரேட் ஜிம்பாப்வே என்ற பாழடைந்த நகரம் உள்ளது. 11-ஆம் நூற்றாண்டு முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை கட்டியது. பெரிய மதிலின் சுற்றளவு சுமார் 250 மீட்டர், உயரம் சில இடத்தில் 11 மீட்டர். சுண்ணாம்பு கிடையாது, சாந்து கிடையாது. கருங்கல்லைச் செங்கல் மாதிரி உடைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியே நிற்க வைத்திருக்கிறார்கள். சிவில் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உள்ளே சீனப் பீங்கானும், இந்துமாக் கடல் வழியே வந்த கண்ணாடி மணிகளும் கிடைத்தன.

1871-ல் இதைப் பார்த்த கார்ல் மவுக் என்ற ஜெர்மானியர், இதைக் கறுப்பு மக்கள் கட்டியிருக்க முடியாது, ஷீபா நாட்டு ராணியோடு சம்பந்தப்பட்டதாக இருக்கும் என்று எழுதினார். பிறகு வந்த பலரும் பினீசியர் கட்டியது, அரபியர் கட்டியது என்றே சொன்னார்கள். 1905-லும் 1929-லும் தொல்லியல் அறிஞர்கள் தோண்டிப் பார்த்து, இது ஆப்பிரிக்கர்கள் கட்டியதுதான் என்று தெளிவாகச் சொன்னார்கள். 1929-ல் சொன்னவர் கெர்ட்ரூட் கேட்டன் தாம்சன் என்ற பெண்மணி. அதற்குப் பிறகும் அந்த நாட்டை ஆண்ட வெள்ளையர் அரசு உண்மையை எழுதவிடாமல் நெருக்கியது. ஏன்? கட்டியது இவர்கள் என்று ஒப்புக்கொண்டால், 'இவர்களுக்கு ஒன்றும் தெரியாது, அதனால் நாங்கள் ஆள்கிறோம்' என்ற பேச்சு நிற்காதே! 1980-ல் விடுதலை பெற்ற அந்த மக்கள், அந்தக் கல்மதிலின் பெயரையே தங்கள் நாட்டுக்கு வைத்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்று தைத்தது. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. பள்ளியில் கணக்கில் நல்ல மார்க் வாங்கியபோது, "யாரைப் பார்த்து எழுதினே?" என்று என்னைக் கேட்டவர் உண்டு. கேட்டவர் கெட்டவர் இல்லை. ஆனால் 'இவன் வீட்டுக்கு இது எப்படி வரும்' என்ற எண்ணம் அவர் மனசில் இருந்தது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பலருக்கும் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு உருவத்தில் வந்திருக்கும். ஒரு மதிலைப் பார்த்து "யார் கட்டிக் கொடுத்தது?" என்று கேட்டதும், ஒரு மார்க் ஷீட்டைப் பார்த்து "யாரைப் பார்த்து எழுதினே?" என்று கேட்டதும் ஒரே கேள்விதான். அதனால்தான் சொல்கிறேன், ஆப்பிரிக்க வரலாறு நமக்குத் தூரத்துக் கதை இல்லை.

கப்பல் ஏறியவர்கள்

16-ஆம் நூற்றாண்டு முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை சுமார் 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கப்பலில் ஏற்றி அட்லாண்டிக் கடல் தாண்டிக் கொண்டுபோனார்கள். அதில் சுமார் 18 லட்சம் பேர் நடுக்கடலிலேயே மாண்டார்கள். கரும்பும் பருத்தியும் வளர்ந்தது அவர்கள் ரத்தத்தில். 1834-ல் பிரிட்டிஷ் அரசு தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. அப்புறம் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே? யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? நம்மை!

1860 அக்டோபரில் சென்னையில் புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல், நவம்பர் 16-ஆம் தேதி 342 பேரோடு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கரை சேர்ந்தது. 1911 வரை சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். அதில் பெரும்பகுதி சென்னை வழியே போனவர்கள். வட ஆற்காடு, செங்கல்பட்டு, சேலம் போன்ற மாவட்டங்களின் ஏழை ஜனங்கள். ஐந்து வருட ஒப்பந்தம், ஆரம்பச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். ஏன் போனார்கள் என்று கேட்காதீர்கள். 1876 முதல் 1878 வரை வந்த தாது வருஷப் பஞ்சத்தை நினைத்துப் பாருங்கள். 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்துக்கு மேல் இருந்த பழைய சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை, 1881-ல் 16 லட்சத்துக்கும் கீழே போனது. அந்த ஜில்லாவில்தான் இன்றைய நாமக்கல்லும் இருந்தது.

போனவர்கள் அங்கேயும் மாரியம்மனை மறக்கவில்லை. டர்பன் பக்கம் மவுன்ட் எட்ஜ்கம்ப் என்ற ஊரில் 1890-லேயே மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பிவிட்டார்கள். உரிமைக்காகச் சிறை போய், நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ல் உயிரை விட்டாள் தில்லையாடி வள்ளியம்மை. வயது பதினாறு. நம்மைவிடச் சின்னப் பெண்! தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி ஒழிந்து எல்லோரும் ஓட்டுப் போட 1994 ஆக வேண்டியிருந்தது. அந்தப் போராட்டத்தில் ஆப்பிரிக்கரும் தமிழரும் ஒரே சிறையில் கிடந்தார்கள்.

இடையில் 1884-85-ல் ஐரோப்பிய நாடுகள் பெர்லினில் கூடி ஆப்பிரிக்காவைப் பங்கு போட விதிமுறை எழுதின. அந்த மேசையில் ஒரு ஆப்பிரிக்கர்கூட இல்லை. ஆனாலும் 1896-ல் அட்வாப் போரில் எத்தியோப்பியா இத்தாலியை அடித்துத் துரத்தியது. நாம் 1947-ல் விடுதலை பெற்றோம். 1957-ல் கானா, 1960 ஒரே வருடத்தில் 17 நாடுகள் என்று அவர்களும் எழுந்தார்கள்.

சரி, இப்போது என்ன செய்ய?

"எங்கிருந்து வந்தால் என்ன, தட்டில் இருந்தால் சரி" என்று சிலர் சொல்லலாம். "கம்பு ஆப்பிரிக்காப் பயிர் என்றால் தமிழனுக்குக் குறைச்சல் இல்லையா?" என்று வேறு சிலர் வருத்தப்படலாம். குறைச்சல் எதுவும் இல்லை. மூவாயிரம் வருஷமாக நம் மண்ணுக்கும் மழைக்கும் தக்கபடி அதை வளர்த்தெடுத்தது நம் விவசாயிகள். மேட்டூர்ப் பக்கம் மாங்காட்டில் கிடைத்த இரும்பு வாளுக்கு வயது 3,400 ஆண்டுக்கு மேல் என்று கணித்திருக்கிறார்கள். நம்மிடம் பெருமைப்பட நிறைய இருக்கிறது. அடுத்தவன் உழைப்பை ஒப்புக்கொள்வதால் நம் உழைப்பு சிறுத்துப் போகாது.

இது வெறும் பழங்கதையும் இல்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இன்றைக்கு ஆப்பிரிக்க நாடுகளில் போர்வெல் போடுகின்றன. நம் சீனியர்கள் ஆப்பரேட்டராகவும் மெக்கானிக்காகவும் அங்கே போகிறார்கள். நாளைக்கு நம்மிலும் சிலர் போவோம். அந்த ஊர் மண்ணைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்து, நாலு காசு பார்க்கிற நாம், அந்த ஜனங்களைக் 'காப்பிரி' என்று பேசிக்கொண்டு போகலாமா? தமிழ்நாட்டுக்குப் படிக்க வருகிற ஆப்பிரிக்க மாணவர்களை பஸ்ஸில் வேடிக்கைப் பொருள் மாதிரி பார்க்கலாமா? வகுப்பிலேயே கறுப்பாக இருக்கிற நண்பனுக்குப் பட்டப்பெயர் வைக்கிற நமக்கு, 'நிறவெறி வெள்ளைக்காரன் குணம்' என்று பரீட்சையில் எழுத என்ன யோக்கியதை?

என் யோசனை மூன்றுதான். ஒன்று, நம் கல்லூரி நூலகத்தில் உலக வரலாற்றுக்கு ஒரு அலமாரி வேண்டும், மாணவர் சங்கம் அதைக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு, ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆப்பிரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பிய சீனியர் ஒருவரை அழைத்துப் பேசச் சொல்ல வேண்டும். வேலை விவரம் மட்டும் இல்லை, அந்த மக்களைப் பற்றியும் பேச வேண்டும். மூன்று, களி கொண்டுவருகிறவனைப் பார்த்துச் சிரிக்கிற பழக்கத்தை இந்த வருடத்தோடு நிறுத்த வேண்டும்.

மூன்றாவதுக்குச் செலவே இல்லை, நண்பர்களே. சிந்திப்போம்! இன்றைக்கே தொடங்குவோம்!

— இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்